உலோகத் திருவுருவம் வார்க்கும் ஸ்தபதிகள்: அவர் கற்கும் நெறியும் நாம் கற்பிக்க வேண்டுவனவும்

திருவிழாக் காலத்திலே வீதியில் எழுந்தருளும் மூர்த்தியை நம் மாணாக்கர் யாவரும் கண்டு வணங்குவர். இம்மூர்த்தி யாவர் என்று வினாவினால், சோமாஸ்கந்தர் என்றோ சந்திரசேகரர் என்றோ உடனே விடை கூறுவர். அம்மூர்த்தியைப் பற்றிய புராண வரலாற்றை வினாவினும் பலர் கூறுவர். “இத்திருவுருவத்தை ஆக்கியவர் யாவர்? எதனைக்கொண்டு அளந்தார்? எவ்வாறு வார்த்தார்? அத்தொழிலை எங்ஙனம் கற்றார்?” என்று மேலும் வினாவினால் வகுப்பு முழுவதும் வாய் திறவாதிருக்கும். கோயில் எடுப்பித்த அரசரைச் சரித்திர பாடம் கூறுகின்றது. உலோகத்தை உருக்கி உருவாக்கிய கைகளை அஃது அத்துணை விரிவாய்க் கூறுவதன்று.

ஆதலால், உலோகத்திலே உருச்சமைக்கும் ஸ்தபதிகள் தம் தொழிலைக் கற்றுத் தேறும் நெறியை இங்கே படிமுறையாக ஆராய்வோம். ஆராய்ச்சியின் முடிவு இதுவாகும்: ஸ்தபதியின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் இல்லை, கையில் இருக்கின்றது. அக்கை நிலைபெறுதற்கு அதனை அறிந்து பாராட்டும் கண்ணும் வேண்டும். கையைப் பழக்குதல் ஸ்தபதியின் கடமை. கண்ணைப் பழக்குதல் உபாத்தியாயர் கடமை. இவ்விரண்டனுள் ஒன்று கெடின் மற்றதும் கெடும் என்பதற்குச் சென்ற நூற்றாண்டிலே நிகழ்ந்த ஒரு செய்தியே சான்றாகும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அளவு

சிற்ப நூல்கள் தொழில் செய்வாரை நால்வராக வகுக்கும். அவர் ஸ்தபதி, சூத்திரக்கிராகி, தட்சகர், வர்த்தகி எனப்படுவர். ஸ்தபதி முழுவதையும் மனத்திற் கண்டு நடத்துபவர். சூத்திரக்கிராகி அளவு நூலைப் பிடிப்பவர்; அவர் ஸ்தபதியின் மகனாகவோ மாணாக்கராகவோ இருப்பர் என்று மயமதம் கூறும். தட்சகர் வெட்டிச் செதுக்குபவர். வர்த்தகி பொருத்துபவர். நூலைப் பிடிக்கும் மாணாக்கனே பின்பு ஸ்தபதியாவான் என்பதனால், அளவு கற்றலே இக்கல்வியின் வாயில் என்பது பெறப்படும்.

ஸ்தபதியின் அளவுகோல் இரும்பினாலும் மரத்தினாலும் ஆயதன்று. தென்னையோலையை உருவின் உயரத்துக்கு நறுக்கி, வேண்டிய பாகங்களாக மடித்து, மடித்த இடங்களிலே குறியிட்டுக்கொள்வர். இது ஒடியோலை எனப்படும். சிவபெருமான் முதலியோர்க்குரிய உத்தம தசதாலத்தில் உருவின் உயரம் 124 பாகமாகவும், உமாதேவியார் முதலியோர்க்குரிய மத்திம தசதாலத்தில் 120 பாகமாகவும், அதம தசதாலத்தில் 116 பாகமாகவும் வகுக்கப்படும். ஒரு பாகத்துக்குத் தேகாங்குலம் என்று பெயர். 12 அங்குலம் கொண்டது ஒரு தாலம்.

இங்கே மாணாக்கர் மயங்குதல் கூடும். இவ்வங்குலம் நம் மட்டக்கோலில் உள்ள அங்குலமன்று. எந்த உருவைச் செய்யப்புகுந்தாரோ அவ்வுருவின் உயரத்தையே 124 ஆகப் பகுத்துப் பெறுவது. ஆதலால் உள்ளங்கையில் அடங்கும் உருவாயினும், ஆள் உயரத்தின் மேற்பட்ட உருவாயினும், முகத்துக்கும் மார்புக்கும் தொடைக்கும் உள்ள விகிதம் ஒன்றே. கணித பாடத்திலே விகிதசமம் கற்பிக்கும்பொழுது இதனினும் நல்ல உதாரணம் காண்டல் அரிது.

மெழுகு

அளவறிந்தபின் உரு மெழுகிலே செய்யப்படும். தேன்மெழுகோடு குங்கிலியப் பொடியும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, துணியில் வடித்து, தண்ணீரிலிட்டு இறுகச் செய்வர். தனி மெழுகு வெப்பத்தில் இளகிவிடும். குங்கிலியம் அதற்கு உறுதி தருகின்றது; எண்ணெய் அது முறியாமல் வளையும்படி செய்கின்றது. தலை, உடல், கை, கால் என்பவற்றை வெவ்வேறாகப் பிடித்து, காய்ச்சிய இருப்புக் கருவியினால் விளிம்புகளை உருக்கி ஒட்டுவர். பின்பு கண், இதழ், விரல், ஆபரணம் என்பன மெழுகிலேயே நுணுக்கப்படும்.

சோழர் காலத்து உருக்களை ஆராய்ந்தோர், அக்காலத்தவர் வேலையைப் பெரும்பாலும் மெழுகிலேயே முடித்து, வார்த்தபின் உளியைக் குறைவாகவே எடுத்தனர் என்பர். இக்காலத்திலோ வார்த்தபின் உளியாலும் அரத்தாலும் செய்யும் வேலை மிகுதி. இவ்வேறுபாட்டை ஒருமுறை அறிந்த கண், பழைய உருவின் மென்மையையும் புதிய உருவின் கூர்மையையும் தானே பிரித்துணரும்.

மண்ணும் நெருப்பும்

மெழுகுரு முடிந்தபின், உலோகம் புகுதற்கும் காற்று வெளிப்படுதற்கும் வழியாக மெழுகுத் திரிகளை அதில் ஒட்டி, அதன்மேல் மண் பூசுவர். காவிரிக்கரையிலுள்ள சுவாமிமலை ஸ்தபதிகள் ஆற்றின் நுண்ணிய வண்டல் மண்ணை முதற்பூச்சுக்குக் கொள்வர். மெழுகில் உள்ள நுண்ணிய கோடும் இந்த முதற்பூச்சிலே பதியவேண்டும். அதன்மேல் வயற்களிமண்ணும் மணலும் கலந்த பூச்சும், அதன்மேல் இன்னும் பருமையான பூச்சும் இடப்படும். பெரிய உருவாயின் இருப்புக் கம்பியாற் கட்டுவர். பூச்சுக்களை வெயிலில் உலர்த்தார், நிழலிலேயே உலர்த்துவர். வெயிலில் உலர்த்தின் மண் வெடிக்கும்; உள்ளே மெழுகும் இளகும்.

உலர்ந்த கருவை வறட்டி மூட்டிக் காய்ச்ச, மெழுகு உருகி வழிந்தோடும். உருவிருந்த இடம் இப்பொழுது வெற்றிடமாயிற்று. அவ்வெற்றிடத்திலே உருகிய உலோகம் வார்க்கப்படும். செம்பு உருகுதற்கு 1085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் சேர அவ்வெப்பம் குறையும். உலோகமும் நன்றாக ஓடும். ஐம்பொன் என்று நாம் வழங்கினும் அதிற் பெரும்பங்கு செம்பே என்பதை மாணாக்கர் அறிதல் வேண்டும்.

வார்க்கும்பொழுது கருவும் சூடாக இருத்தல் வேண்டும். குளிர்ந்திருப்பின் உலோகம் விரலின் நுனிக்குச் செல்லுமுன்னரே இறுகிவிடும். கருவிலே சிறிதளவு ஈரமிருப்பினும் அது நீராவியாய் விரிந்து கருவை உடைத்துவிடும். தாரை இடையறாது விழுதல் வேண்டும். இடையறின் முன் விழுந்ததும் பின் விழுந்ததும் ஒன்றாய்க் கூடமாட்டா. பல மாதத்து வேலை சில நிமிடத்திலே முடிவாகின்றது. அந்நேரத்திலே ஸ்தபதி உட்புறத்தைக் காணல் இயலாது. உலோகத்தின் நிறத்தையும் தாரையின் ஓட்டத்தையும் காற்றுவழியிலே உலோகம் மேலெழுதலையும் கண்டு அநுமானித்தலே செயற்பாலது.

கும்பகோணத்துக்கு அணித்தாயுள்ள கோனேரிராசபுரத்திலே வழங்கும் கர்ணபரம்பரைக் கதை இவ்வச்சத்தையே பொருளாக உடையது. அங்குள்ள நடராசத் திருவுருவம் மிகப் பெரியது. அதனை வார்க்கப் புகுந்த ஸ்தபதி பலமுறை முயன்றும் வார்ப்புத் தேறவில்லை. அரசனாணைக்கு அஞ்சி அவர் உலையடியில் வருந்தி நிற்கையில், முதியோர் இருவர் வந்து தண்ணீர் வேண்டினர். அவர் சினந்து, கொதிக்கும் உலோகத்தைக் காட்டி, இதனைக் குடியுங்கள் என்றார். அவ்விருவரும் அதனையே பருகி, நடராசரும் சிவகாமியம்மையாருமாய் நின்றனர் என்பது அக்கதை. இக்கதையைச் சமய பாடத்திற் கூறுவோர், வார்ப்பவன் கையில் இல்லாத ஒன்று வார்ப்பிலே உண்டு என்று அத்தொழிலாளர் உணர்ந்திருந்தமையையும் உடன் கூறுதல் நலம்.

உலோகம் எவ்வளவு வேண்டும் என்பதும் முன்னரே கணிக்கப்படும். மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் (ஆட்சி கி. பி. 1126 முதல் 1138 வரை) இயற்றியதாகிய மானசோல்லாசம் மெழுகு வார்ப்பை விரித்துரைத்து, மெழுகை நிறுத்து அதனின் இத்தனை மடங்கு உலோகம் கொள்ளுக என்று விதிக்கின்றது. இதன் காரணத்தை விஞ்ஞான பாடத்திலே விளக்கலாம். மெழுகு தண்ணீரினும் சிறிது இலேசானது; செப்புக் கலவை தண்ணீரினும் ஏறக்குறைய 8.8 மடங்கு பாரமானது. ஆகவே 5 கிலோ மெழுகு இருந்த இடத்தை நிரப்ப ஏறக்குறைய 45 கிலோ உலோகம் வேண்டும். ஒப்படர்த்தி என்னும் சொல் தோன்றுமுன்னரே ஸ்தபதிகள் தராசைக்கொண்டு இவ்வுண்மையை அறிந்திருந்தனர்.

உலோகம் ஆறியபின் மண்கரு உடைக்கப்படும். மெழுகு முன்னரே போயிற்று. கருவும் இப்பொழுது போயிற்று. ஆதலால் இம்முறையால் வார்த்த உருவுக்கு இரண்டாவது படி இல்லை. மற்றோருரு வேண்டின் ஓலை நறுக்குதல் முதலாக யாவும் மீட்டும் செய்தல் வேண்டும்.

கற்கும் படிகள்

சுவாமிமலையிலே இத்தொழில் குடிவழியாக வருகின்றது. இரண்டாம் இராசராசன் காலத்திலே தாராசுரத்துக் கோயிற் பணிக்கு வந்தோரின் வழியினர் தாம் என்று அங்குள்ள ஸ்தபதி குடும்பத்தார் தம் மரபு கூறுவர். மாணாக்கன் மண் பிசைதல், மெழுகு காய்ச்சுதல், கரு உலர்த்துதல் என்னும் சிறு பணிகளிலே தொடங்குவான். உடன் கோடு வரையப் பழகுவான். தியான சுலோகங்களை மனனஞ் செய்வான். இன்ன மூர்த்திக்கு இத்தனை கை, இன்ன கையில் இன்ன ஆயுதம் என்பன அச்சுலோகங்களாலேயே அறியப்படும். பின்பு பீடமும் திருவாசியும் செய்வான். பின்பு கைகால்களைப் பிடிப்பான். முகம் இறுதியிலே வரும். கண் திறத்தல் என்னும் கிரியையோ தலைமை ஸ்தபதிக்கே உரியது.

இப்படிமுறையிலே நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பல ஆண்டுகள் மாணாக்கன் தன் விருப்பப்படி ஒன்றும் செய்யான். விதி அவன் கையைக் கட்டியிருப்பதுபோலத் தோன்றும். உண்மையிலே விதியே கையை விடுவிக்கின்றது. அளவைப்பற்றிய கவலை நீங்கினபின்னரே, புருவத்தின் வளைவிலும் இதழின் ஓரத்திலும் அவன் மனம் முழுவதும் செல்லும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் சிறுவன் பொருளைச் சுவைக்க மாட்டாமையும், எழுத்து வசப்பட்டபின் சுவைத்தலும் இதற்கு ஒப்பாம்.

விதி ஒன்றாயின் உருக்கள் யாவும் ஒன்றுபோல இருத்தல் வேண்டுமே எனின், அற்றன்று. திருவெண்காட்டிலே கிடைத்து இப்பொழுது தஞ்சைக் கலைக்கூடத்திலிருக்கும் ரிஷபவாகன மூர்த்தியை நோக்குக. அது கி. பி. 1011-ஆம் ஆண்டிலே எழுந்தருளுவிக்கப்பட்டது. அதன் தேவியார் உருவம் அடுத்த ஆண்டினது. பெருமான் ஒரு காலிலே உடலைத் தாங்கி, மற்றக் காலைத் தளர்த்தி, இடபத்தின்மேற் கையூன்றியவராய் நிற்கின்றார். இடபம் இப்பொழுது இல்லை. வெறும் வெளியிலே கை தங்கியிருக்கின்றது. ஆயினும் காண்போர் அங்கே இடபத்தைக் காண்கின்றனர். அளவு விதி யாவர்க்கும் பொது. இக்கையின் தளர்ச்சி அந்த ஸ்தபதி ஒருவர்க்கே உரியது.

பெயர் கூறாத மரபு

சோழநாட்டு உலோகத் திருவுருவக் கலையை வளர்த்தோருள் முதலில் நினைக்கத்தக்கவர் கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் தாயாருமாகிய செம்பியன் மாதேவியார். மேற்கூறிய கோனேரிராசபுரத்துக் கற்றளி அவர் தம் கணவர் பெயரால் எடுப்பித்தது. அவர்க்குப்பின் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்தவற்றைக் கல்வெட்டுக்கள் விரிவாகக் கூறுகின்றன. அரசனும், தமக்கையார் குந்தவையாரும், தேவிமாரும், அதிகாரிகளும் அங்கே எழுந்தருளுவித்த திருமேனிகள் 66 என்று கணக்கிடுவர். ஒவ்வொன்றின் உயரமும் முழம், விரல் என்னும் அளவால் குறிக்கப்பட்டுள்ளது. ஆபரணங்களின் முத்தும் மணியும் எண்ணியெழுதப்பட்டுள்ளன. கோயிலின் ஸ்ரீகாரியம் செய்த ஆதித்தன் சூரியன் நாயன்மார் திருவுருவங்களை அளித்தமையும் அங்கே காணப்படும். கற்றளியெடுத்தவராகக் கருதப்படும் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் கல்லில் உண்டு. செப்புத் திருமேனிகளை வார்த்த ஸ்தபதிகளின் பெயர்களோ அவற்றோடு கூறப்படவில்லை. ஒரு முத்தும் தவறாது எண்ணிய கணக்கிலே, உருவை வார்த்த கைக்கு இடமில்லாதிருந்தது.

நம் இலங்கையிலும் இத்தகைய கைகளின் வேலையுண்டு. பொலநறுவை சோழர் ஆட்சியிலே சனநாதமங்கலம் எனப்பட்டது. அங்குள்ள வானவன்மாதேவீச்சரம் இன்றும் நிற்கின்றது. அந்நகரத்துச் சிவாலயங்களின் இடிபாட்டிலே 1907, 1908-ஆம் ஆண்டுகளில் நடராசர், சிவகாமியம்மையார், நாயன்மார் முதலியோரின் திருவுருவங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்திற் சேர்க்கப்பட்டன. அவற்றுள்ளே மணக்கோலத்து இளைஞராய், வியப்பினால் மலர்ந்த கண்ணினராய் நிற்கும் சுந்தரமூர்த்தி நாயனார் திருவுருவம் உலகப் புகழ் பெற்றது. திருக்கோணமலையில் 1950-ஆம் ஆண்டு கிணறு தோண்டியபோதும் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் முதலிய திருமேனிகள் வெளிப்பட்டன.

கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877-1947) பொலநறுவை உருக்களைப்பற்றி 1914-இல் நூலெழுதியும், 1918-இல் சிவநடனம் பற்றிய கட்டுரைத் தொகுதியை வெளியிட்டும் அவற்றின் பெருமையை மேல்நாட்டார்க்கு உணர்த்தினார். அவர் 1908-இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே கண்டி நாட்டுக் கம்மியரின் தொழின்முறைகளையும் பதிந்துவைத்தார். அம்முறைகள் தம் கண்முன் குன்றிவருதலைக் கண்டே அவர் அவ்வாறு செய்தார். பதிவு பெரும்பயனுடையது. ஆயினும் வார்ப்புக் கருவின் ஈரத்தைத் தொட்டறியும் விரலை எந்நூலும் தரமாட்டாது.

பிற வழியாக வந்தோர்

குடிவழியன்றி வேறு வழியாக உலோகத்துக்கு வந்த சிற்பிகளும் உளர். அவரோடு ஒப்பிட்டால் ஸ்தபதியின் நெறி இன்னும் தெளிவாகும்.

பிரான்சு தேசத்து ரோடின் (1840-1917) தம் காலத்து உலோகச் சிற்பிகளுள் தலைசிறந்தவர். அவர் களிமண்ணிலே உருச்செய்வார், வார்ப்பவர் வேறாவர். ஓருருவிலிருந்து அச்செடுத்துப் பல படிகள் வார்க்கப்படும். அவர் 1913-இல் சென்னை அருங்காட்சியகத்து நடராசத் திருவுருவத்தின் நிழற்படங்களைக் கண்டு வியந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்தபின் 1921-இல் அது வெளிவந்தது. இந்திய தேசத்தைக் காணாதவரும், சிவாகமம் கல்லாதவருமாகிய அவர், தம் கை மண்ணில் அறிந்ததைக் கொண்டே பெயரறியாத ஸ்தபதியின் கையை அறிந்துகொண்டார். பழகிய கண்ணின் ஆற்றல் இத்தகையது.

வங்கத்து மீரா முகர்ஜி (1923-1998) டில்லியிலும், பின்பு 1953 முதல் செர்மானிய தேசத்து மியூனிக் நகரக் கலைக்கழகத்திலும் கற்றவர். அங்கே கற்றது தம் நாட்டுப் பொருளைச் சொல்லப் போதாது என்று கண்டு, மத்திய இந்தியாவின் பஸ்தர் பகுதிக்குச் சென்று, அங்கே மெழுகிழையைச் சுற்றி உருச்செய்யும் பழங்குடி வார்ப்பாளரிடம் மாணாக்கியாய் அமர்ந்தார். கலிங்கப் போரின்பின் வருந்தி நிற்கும் அசோகனின் பேருருவை 1972-இல் முடித்தார். இந்தியாவின் உலோகக் கம்மியரைப்பற்றி அவர் ஆராய்ந்தெழுதிய நூல் 1978-இல் வெளிவந்தது. பட்டம் பெற்றபின்னும் எழுத்தறியாதார் காலடியில் அமர்ந்து கற்ற இவர் வரலாறு உயர்வகுப்பு மாணாக்கர்க்கு உரைக்கத்தக்கது.

சென்னை பி. வி. ஜானகிராம் (1930-1995) உலோகத்தை வார்க்கவில்லை. செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து, அதன்மேற் கம்பிகளைப் பற்றவைத்து உருச்செய்தார். கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்தின் சாயலை அவர் வேலையிற் காணலாம். மூலத் திருவுருவை மறைக்கும் தகட்டையே அவர் தம் கலைக்கு மொழியாக்கிக்கொண்டார்.

இம்மூவரும் தம் பெயரைத் தம் உருவில் வைத்தனர். புதிது காணுதலைக் குறிக்கோளாகக் கொண்டனர். ஸ்தபதியோ பெயரை வைக்கார். பழையதை வழுவாது புதிதாகச் செய்தலைக் குறிக்கோளாகக் கொள்வர். இவற்றுள் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துதல் நம் கருத்தன்று. இருவகையார்க்கும் பொதுவானது, உலோகம் சொல்வதைக் கேட்கக் கை பல்லாண்டு பழகவேண்டும் என்பதே.

அப்பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. 2023-ஆம் ஆண்டு டில்லி மாநகரிலே பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயரமும் ஏறக்குறைய 18 தொன் நிறையுமுள்ள நடராசத் திருவுருவம் சுவாமிமலை இராதாகிருஷ்ண ஸ்தபதியாராலும் அவர் குழுவினராலும் மெழுகு வார்ப்பு முறையாற் செய்யப்பட்டது. சிதம்பரம், கோனேரிராசபுரம், தஞ்சை என்னும் மூன்று தலத்து உருக்களை அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர். ஆயிரம் ஆண்டுக்கு முன் வார்த்தவரை இன்று வார்ப்பவர் ஆசிரியராகக் கொண்டனர் என்றறிக.

சிவபுரத்துச் செய்தி

இனி, முன்னே கூறுவோம் என்ற செய்தியைக் கூறுவோம். கும்பகோணத்துக்கு அருகே சிவபுரம் என்னும் ஊரிலே 1951-இல் நிலத்திலிருந்து நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சில ஆண்டுகளில் நடராசத் திருவுருவம் பழுதுபார்த்தற்காக ஒரு ஸ்தபதியிடம் ஒப்புவிக்கப்பட்டது. அங்கே அதனைப்போல வேறோருரு வார்க்கப்பட்டது. போலியுரு கோயிலுக்குத் திரும்பியது. மெய்யுரு விற்கப்பட்டுக் கைமாறிச் சென்றது. 1965-இல் டக்ளஸ் பாரெட் என்னும் ஆங்கில அறிஞர் சோழர் செப்புத் திருமேனிகளைப்பற்றி வெளியிட்ட நூலினாலேயே உண்மை வெளிப்பட்டது. மெய்யுரு பின்பு அமெரிக்க தேசம் சென்று, வழக்கு நிகழ்ந்து, 1986-இல் இந்தியாவுக்கு மீண்டது.

இச்செய்தியிலே இரண்டு படிப்பினைகள் உள. திறமுடைய கை ஒழுக்கத்தினின்று நீங்கினால், அத்திறமே கேட்டுக்குக் கருவியாகும் என்பது ஒன்று. அவ்வளவு காலமும் மெய்யும் பொய்யும் மாறியிருந்தமையை அருகிருந்தோர் உணராமை மற்றொன்று. அவர்க்குப் பத்தி குறைவென்று கூறல் தகாது; உருவை நோக்கும் பழக்கம் ஒருவரும் அவர்க்குக் கற்பித்திலர்.

களவு சிவபுரத்தோடு நிற்கவில்லை. பத்தூர் நடராசர் இலண்டன் நீதிமன்ற வழக்கின்பின் 1991-இல் மீண்டார். ஸ்ரீபுரந்தான் நடராசர் அவுஸ்திரேலியாவிலிருந்து 2014-இல் மீண்டார். களவுபோன திருவுருவம் இவ்வாறு மீளுதல் கூடும். மறந்துபோன கைப்பழக்கத்தை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தரமாட்டாது. வாங்குவோர் நல்லதும் தீயதும் அறியாராயின், ஓராண்டு உழைத்துச் செய்யும் ஸ்தபதிக்கும் ஒரு மாதத்தில் அச்சிட்டு விற்பவனுக்கும் விலை ஒன்றாகிவிடும். அப்பொழுது ஸ்தபதியின் மகன் வேறு தொழில் நாடுவான். ஒரு தலைமுறை இடையறுமாயின், உலோகத் தாரை இடையற்றதுபோல, முன்னதும் பின்னதும் கூடமாட்டா.

வகுப்பிலே செய்யத்தக்கன

முதலாவது, நோக்கப் பழக்குதல். கோயிலிலே திருமேனி பட்டும் மாலையும் சாத்தப்பெற்றிருத்தலால் உருவின் அமைப்பு முழுவதும் தோன்றாது. ஆதலால் நல்ல நிழற்படங்களைக்கொண்டோ, கூடுமாயின் கொழும்பு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச்சென்றோ கற்பிக்க. உடற்பாரம் எக்காலில் நிற்கின்றது, தோள்கள் எப்பக்கம் சாய்கின்றன, பின்புறமும் முற்றுப்பெற்றிருக்கின்றதா, தலையின் பின்னே சிரச்சக்கரம் எவ்வாறு அமைந்தது, வீதியுலாவுக்குத் தண்டு செருகும் துளைகள் பீடத்தில் எங்கே உள்ளன, அபிடேகத்தால் முகம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்று ஒவ்வொன்றாக வினாவுக. விடையை நாம் முந்திக் கூறலாகாது.

இரண்டாவது, அளக்கப் பழக்குதல். ஒவ்வொரு மாணாக்கனும் ஓர் ஓலை நறுக்கை மடித்துப் பாகமிட்டு, அதனால் ஒரு படத்தை அளந்து பார்க்கட்டும். வெவ்வேறு நீளமுள்ள ஓலைகளால் ஒரே விகிதத்தில் இருவர் வரைந்த உருக்களை ஒப்பிடட்டும்.

மூன்றாவது, செய்து பழகுதல். மெழுகிலே இலையோ மீனோ ஒன்று செய்வித்து, திரியொன்று வைத்து, நுண்மண் பூசி, நிழலில் உலர்த்துக. உபாத்தியாயர் தாமே இளஞ்சூட்டிற் காய்ச்சி மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்திலே உலோகத்துக்குப் பதிலாகப் பாரிசுச் சாந்தைக் கரைத்து ஊற்றுக. இறுகியபின் மாணாக்கனே மண்ணை உடைக்கட்டும். விரல்முனையளவு மீனின் வால் நிரம்பாது போயின் அவன் முகம் வாடும். அப்பொழுது திருவெண்காட்டு மூர்த்தியின் விரல்களைக் காட்டுக. அவ்வேளையிலே அவன் அறிவதைப் பத்துப் பக்கப் பாடத்தாலும் அறிவித்தல் இயலாது.

பயிற்சி வினாக்கள்

1. தேகாங்குலத்துக்கும் மட்டக்கோலின் அங்குலத்துக்கும் வேறுபாடு யாது? 62 சென்றிமீற்றர் உயரமுள்ள உத்தம தசதால உருவுக்கு ஒரு தேகாங்குலம் எவ்வளவு?
2. மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்தல் எதன்பொருட்டு?
3. மண்பூச்சை நிழலில் உலர்த்துதற்கும், வார்க்குமுன் கருவைச் சூடாக்குதற்கும் காரணம் கூறுக.
4. மெழுகு வார்ப்பால் ஆகிய உருவுக்கு இரண்டாவது படி இல்லை என்பதை விளக்குக.
5. மீரா முகர்ஜி பஸ்தர் சென்றமையால் நாம் அறிவது யாது?
6. சிவபுரத்துச் செய்தியிலே பிழைத்தது கையா, கண்ணா? உன் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.

இவற்றுள் ஆறாவது வினாவுக்கு விடை ஒன்றன்று. மாணாக்கர் இரு பக்கமும் நின்று வாதிப்பார்களாயின் பாடம் பயன்பட்டது என்று கொள்க. அடுத்த திருவிழாவிலே அவர்களுள் ஒருவனாவது கைகூப்பி வணங்கியபின், மூர்த்தியின் திருக்கரத்தைச் சற்று நின்று நோக்குவானாயின், பெயரறியாத அந்த ஸ்தபதிக்கு நாம் செலுத்தவேண்டிய கடனிலே ஒரு சிறுபகுதி தீர்ந்தது என்பது துணிபு.